பூஜ்யம் காட்டினால் மட்டும் போதாது

வணக்கம் நேயர்களே. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் ஃபேன், மோட்டார் ரிப்பேர் கடைகளில் வேலை பழகுகிற தம்பிகளை மனதில் வைத்துத்தான் இன்று கண்டென்சரில் தங்கும் சார்ஜைப் பற்றிப் பேசுகிறேன். கண்டென்சர் என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பாகம்.

பிளக்கைப் பிடுங்கியாச்சு, இனி ஷாக் எங்கிருந்து வரும் என்ற நினைப்பு கண்டென்சரிடம் செல்லாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம் ஆக்கும்போது அது ஏறக்குறைய 325 வோல்ட் வரை ஏறும், கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இருக்கிற பெரிய கண்டென்சர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை வடித்துவிட ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள், சரி, ஆனால் ரிப்பேருக்கு வந்த போர்டில் அந்த ரெசிஸ்டரே போயிருந்தால்?

அதனால் கை வைக்கும் முன் மல்டிமீட்டரால் வோல்டேஜை அளந்து பாருங்கள். இங்கேதான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். ஏர் கண்டிஷனர் அவுட்டோர் யூனிட் கண்டென்சரில் 440 வோல்ட் ஏசி என்று எழுதியிருப்பதைப் பார்த்து மீட்டரையும் ஏசி வோல்ட்டில் வைக்கிறார்கள், உள்ளே தங்கியிருப்பதோ டிசி, மீட்டர் பூஜ்யம் காட்டிவிடலாம், அதை நம்பிக் கை வைத்தால் அவ்வளவுதான். டிசி வோல்ட்டில் 600 அல்லது 1000 ரேஞ்சில் வையுங்கள். மைனஸ் காட்டினாலும் அது சார்ஜ்தான். மூன்று முனை இருந்தால் ஒவ்வொரு ஜோடியையும் பாருங்கள். அளப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு 9 வோல்ட் பேட்டரியில் மீட்டரைத் தொட்டுப் பாருங்கள், ஏனென்றால் ப்ரோப் ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும் பூஜ்யம்தான் வரும். சார்ஜ் இறங்காமல் மீட்டரை ஓம்ஸிலோ, ஒயர் இணைப்பு பார்க்கும் பீப் சத்தத்திலோ வைத்துத் தொடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

சார்ஜ் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை, தயவுசெய்து, விட்டுவிடுங்கள். பொறி கண்ணில் தெறிக்கும், கண்டென்சரும் கெடும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, இன்சுலேஷன் உள்ள கிளிப் ஒயர்களோடு சேர்த்து, வெறும் உலோகம் கையில் படாமல் மாட்டுங்கள். 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஓரிரு வினாடியில் இறங்கிவிடும், இருந்தாலும் பத்து வினாடி விடுங்கள். அப்புறம் கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்து பாருங்கள், சில கண்டென்சரில் வோல்டேஜ் தானாகக் கொஞ்சம் திரும்ப ஏறும்.

மைக்ரோவேவ் அடுப்பு மட்டும் வேறு கதை. அதில் 2000 வோல்ட்டைத் தாண்டும், சாதாரண மீட்டர் அதைத் தாங்காது. பழகாதவர்கள் அதன் மூடியைக் கழற்றவே வேண்டாம், அதற்கான கருவி வைத்திருக்கிறவரிடம் அனுப்பிவிடுங்கள்.