வால்டர் டல்: மைதானத்திலிருந்து போர்முனைக்கு

(திரையில்: இருட்டில் ஓடும் ஆறு)

1918 ஜனவரி. முதல் உலகப் போர். இத்தாலியில் பியாவே ஆறு. உறைய வைக்கும் குளிரில், ராத்திரியோடு ராத்திரியாக 26 பேரை அக்கரைக்குக் கூட்டிப்போய், எதிரி எல்லைக்குள் ஊடுருவி, ஒருவரைக்கூட இழக்காமல் திரும்பினார் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. பெயர் வால்டர் டல். லண்டனின் டாட்டன்ஹாம் அணியில் ஆடிய முன்னாள் கால்பந்து வீரர்.

அவர் அதிகாரி ஆனதே பெரிய விஷயம். ஏன் என்று சொல்கிறேன்.

(திரையில்: ஃபோக்ஸ்டன் கடற்கரை)

1888-ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் பிறந்தார். அப்பா கரீபியன் தீவான பார்படோஸிலிருந்து வந்த கறுப்பினத் தச்சர், அம்மா கென்ட் பகுதி வெள்ளைக்காரப் பெண். வால்டருக்கு 10 வயது ஆவதற்குள் இருவருமே இறந்துவிட்டார்கள். அவரையும் அண்ணன் எட்வர்டையும் லண்டனில் மெதடிஸ்ட் சபையின் அனாதை இல்லத்தில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் கிளாஸ்கோவிலிருந்து ஒரு குடும்பம் வந்து அண்ணனை மட்டும் தத்தெடுத்துக்கொண்டது.

அப்புறம் கால்பந்து. 1909-ல் டாட்டன்ஹாம் அவரை எடுத்தது. அதே அக்டோபரில் பிரிஸ்டல் சிட்டியோடு ஆட்டம். பார்வையாளர்களில் ஒரு கூட்டம் அவர் நிறத்தைச் சொல்லிக் கேவலமாகத் திட்டித் தீர்த்தது. அன்று களத்தில் சிறந்த முன்கள ஆட்டக்காரர் டல்தான் என்று பத்திரிகை நிருபர் ஒருவர் எழுதினார். ஆனாலும் சீக்கிரமே ரிசர்வ் அணிக்குத் தள்ளப்பட்டார். இதை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

1911-ல் நார்தாம்ப்டன் டவுன் அணி அவரை வாங்கியது. மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், பிற்பாடு ஆர்சனல் அணியை உயர்த்திய அதே சாப்மன். அங்கே நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார்.

(திரையில்: ராணுவச் சீருடையில் வால்டர்)

1914 டிசம்பரில் ராணுவத்தில் சேர்ந்தார். மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டில் கால்பந்து வீரர்களுக்கென்றே உருவான 17-வது பட்டாலியன் அது. பிரான்ஸில் சோம் போர்க்களத்தையும் பார்த்துவிட்டார். கறுப்பர்கள் அதிகாரி ஆவதற்கு அன்றைய ராணுவச் சட்டக் கையேடு தடையாக இருந்தது. இருந்தும் 1917 மே மாதம் வால்டர் செகண்ட் லெஃப்டினன்ட் ஆனார். கூடவே இருந்து பார்த்த மேலதிகாரிகள்தான் அவரைப் பரிந்துரைத்தார்கள்.

பியாவே தாக்குதலுக்காக மேஜர் ஜெனரல் லாஃபர்ட் அவருடைய வீரத்தையும் பதறாத நிதானத்தையும் எழுத்திலேயே பாராட்டினார்.

1918 மார்ச் 25. பிரான்ஸில் ஃபாவ்ரேய் கிராமத்துக்குப் பக்கம். ஜெர்மானியர்கள் முன்னேறி வர, பின்வாங்கும்போது வால்டர் மீது குண்டு பாய்ந்தது. வயது 29. அவர் படைப்பிரிவிலிருந்த டாம் பில்லிங்ஹாம், அவரும் ஒரு கால்பந்து வீரர், கோல்கீப்பராக ஆடியவர், குண்டு மழைக்கு நடுவே உடலை மீட்டுக் கொண்டுவர முயன்றார். முடியவில்லை. உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பிரான்ஸில் உள்ள அராஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது.

(திரையில்: ஒரு பழைய கடிதம்)

கிளாஸ்கோவில் இருந்த அண்ணன் எட்வர்டுக்கு, உடன் பணியாற்றிய அதிகாரி ஒருவர் கடிதம் எழுதினார். வீரத்துக்காகத் தரப்படும் மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்கு வால்டரைப் பரிந்துரைத்திருப்பதாக அதில் இருந்தது.

அந்தப் பதக்கம் வரவே இல்லை.