எலியட் ஸ்மித்: சோகப் பாடகர் என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எலியட் ஸ்மித். அமெரிக்க இண்டி இசை, அதாவது பெரிய கம்பெனிகளைச் சாராத சுயேச்சை இசை கேட்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால், "ஓ, அந்தச் சோகப் பாடகரா?" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். 2003 அக்டோபர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், 34 வயதில் அவர் இறந்துபோனார். அதன்பிறகு அவருடைய ஒவ்வொரு பாடலையும் அந்தத் தேதிக்கான முன்னறிவிப்பு மாதிரி வைத்துக் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

அவர் மெல்லிய குரலில் பாடினார், உண்மைதான். ஆனால் அந்த மெல்லிய குரலை டேப்பில் எப்படி இறக்கினால் கேட்பவர் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தலைமுறையில் வேறு யாருக்கும் தெரியவில்லை என்பது என் கட்சி. பாடகர், பாடலாசிரியர் என்று அவருக்கு இரண்டு அடையாளம் கொடுக்கிறோம். மூன்றாவதாக, பதிவு செய்பவர் என்பதையும் சேர்க்க வேண்டும். அதை மனதில் வைத்து அவருடைய ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆளைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969இல் நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் பிறந்தார். இயற்பெயர் ஸ்டீவன் பால் ஸ்மித். சிறுவயது டெக்சாஸில் கழிந்தது. 14 வயதில் அப்பாவோடு இருக்க ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டுக்கு வந்துவிட்டார். மாசசூசெட்ஸில் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் தத்துவமும் அரசியலும் படித்து 1991இல் முடித்தார். அங்கே பழக்கமான நீல் கஸ்ட்டோடு போர்ட்லண்டுக்குத் திரும்பி வந்து ஹீட்மைசர் என்ற ராக் குழுவைத் தொடங்கினார். அது நல்ல இரைச்சலான குழு. எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸுமாக முழங்கும் அந்த இசைக்கு மேலே குரலை உயர்த்திக் கத்த வேண்டும். அதே காலத்தில்தான் அவர் ஒரு வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத மாதிரி தனியாகப் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

அதுதான் 'ரோமன் கேண்டில்'. 1994இல் கேவிட்டி சர்ச் என்ற சின்ன போர்ட்லண்ட் இசை வெளியீட்டுக் கம்பெனி வெளியிட்டது. மொத்தம் ஒன்பதே பாடல்கள். அதில் நான்குக்குப் பெயர்கூடக் கிடையாது, 'பெயரில்லை' என்று எழுதி 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கிறார். கடைசிப் பாடலில் வார்த்தையே இல்லை, வெறும் வாத்திய இசை. இதை ஓர் ஆல்பமாகக் கொண்டுவரும் எண்ணமே அவருக்கு முதலில் இல்லை. கேட்டுப் பார்த்த கம்பெனிக்காரர்கள்தான், இருப்பதை இருக்கிறபடியே மொத்தமாகப் போடலாம் என்றார்கள். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்ததாம்.

அதைப் பதிவு செய்த கருவி ஃபோர் டிராக் ரெக்கார்டர். இந்தக் காலப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டிராக் என்றால் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதியும் தடம். இன்றைக்கு லேப்டாப்பில் எத்தனை டிராக் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டே போகலாம். அந்தக் கருவியில் மொத்தமே நான்குதான். கிட்டாரை இரண்டு முறை வாசித்து, குரலை இரண்டு முறை பாடினால் டேப் நிறைந்துவிடும். அதற்கு மேல் எதையாவது சேர்க்க வேண்டுமென்றால், ஏற்கெனவே பதிந்ததை ஒன்றாகச் சேர்த்து இன்னொரு டிராக்குக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒலி கொஞ்சம் மங்கும், டேப்பின் இரைச்சல் கொஞ்சம் ஏறும். அதனால் எதை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு பாடலிலும் யோசித்தாக வேண்டும். எலியட் ஸ்மித்தின் சிக்கனம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். பின்னாளில் பெரிய ஸ்டுடியோக்கள் கைக்கு வந்தபோதும் அந்தச் சிக்கனம் ரொம்ப நாள் அவரை விடவில்லை.

குரலை ஏன் இரண்டு முறை பாட வேண்டும்? இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்ததே இதைத்தான். இதற்கு டபுள் டிராக்கிங் என்று பெயர். ஒரு வரியைப் பாடிப் பதிகிறீர்கள். பிறகு ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே அதே வரியை இன்னொரு டிராக்கில் திரும்பப் பாடுகிறீர்கள். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், மெலிந்த குரலுக்கு ஒரு கனம் வரும். பீட்டில்ஸ் இதை நிறையச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை பாடுவது ஜான் லெனனுக்குச் சலிப்பாக இருந்ததால், 1966இல் அபி ரோடு ஸ்டுடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் அதைக் கருவியே செய்துகொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார். எலியட் ஸ்மித் பீட்டில்ஸ் பைத்தியம். ஆனாலும் இந்த விஷயத்தில் பழைய வழியிலேயே போனார், இரண்டு முறையும் தானே பாடினார்.

இது எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமானால் நீங்களே செய்து பாருங்கள். ஃபோனில் உங்களுக்குப் பிடித்த பாட்டில் நான்கு வரி பாடிப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அதை ஹெட்போனில் ஓடவிட்டு, கூடவே பாடி இன்னொன்றில் பதியுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தெரியும். சுருதி சேர்ந்துவிடும், ஆனால் மூச்சு சேராது. ஒரு சொல்லை எங்கே முடிக்கிறோம், நெடிலை எத்தனை நேரம் இழுக்கிறோம், 'ஸ்' எங்கே வருகிறது, எல்லாம் மயிரிழை தள்ளித் தள்ளி விழும். எலியட் ஸ்மித்தின் பதிவுகளில் அந்த மயிரிழைகூட பல இடங்களில் கிடையாது. இரண்டு குரல் இருப்பதே தெரியாமல் ஒரே குரலாகக் கேட்கும், ஆனால் அந்த ஒற்றைக் குரலுக்கு ஓரங்கள் மட்டும் லேசாக மினுங்கும். உணர்ச்சியில் உடைந்து பாடுகிறவர் அதே உடைவை அச்சு மாறாமல் இரண்டாவது முறையும் பாட முடியுமா? முடியாது. அதற்கு நிதானம் வேண்டும், பயிற்சி வேண்டும், தன் குரலைத் தானே தள்ளி நின்று கேட்கும் காது வேண்டும். சோகத்தில் மூழ்கிப்போய்ப் பாடினார் என்று யாராவது சொன்னால் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

'ரோமன் கேண்டில்' வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2010இல் இதன் ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்த புதுப் பதிப்பு வந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் லாரி கிரேன். எலியட்டின் நண்பர், போர்ட்லண்டில் ஜாக்பாட் என்ற ஸ்டுடியோவை நடத்துகிறவர், எலியட்டின் டேப்களைக் காப்பகமாகப் பராமரிப்பவர். கம்பியில் விரல் நகரும்போது வரும் கிறீச் சத்தமும், வல்லின எழுத்துகளும் 'ஸ்' ஒலியும் காதைக் குத்துகின்றன என்று அவற்றைக் கொஞ்சம் தணித்திருக்கிறார். நல்ல நோக்கம், கேட்கவும் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு பழையதற்குத்தான். அந்தக் கிறீச் வந்தால்தான் கிட்டாரும் கையும் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று தெரிகிறது. இரண்டையும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது 1995இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட ஆல்பம். வாஷிங்டன் மாநிலம் ஒலிம்பியாவில் இருந்த கில் ராக் ஸ்டார்ஸ் வெளியிட்டது. பிகினி கில் போன்ற பங்க் குழுக்களின் கம்பெனி அது, அதற்குள் இப்படி ஒரு முணுமுணுப்பு. இதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அவர் செய்ததிலேயே இருட்டானது இதுதான், முதல் ஆல்பமாக இதை எடுக்க வேண்டாம்.

தொடங்க வேண்டியது 1997இல் வந்த 'ஐதர்/ஆர்'. தலைப்பு டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்டின் புத்தகத்திலிருந்து வந்தது, தத்துவம் படித்தவர் அல்லவா. 12 பாடல்கள். பல வீடுகளில், பல சின்ன இடங்களில் பதிவு செய்தார். இசைத் தயாரிப்பாளர்கள் ராப் ஷ்னாஃப், டாம் ராத்ராக் இருவரும் மிக்ஸிங்கில், அதாவது பதிந்த ஒலிகளை அளவு பார்த்துக் கலக்கும் வேலையில் சேர்ந்துகொண்டார்கள். இதில் 'ஏஞ்சலஸ்' என்ற பாடலை மட்டும் ஒருமுறை கவனமாகக் கேளுங்கள். கிட்டாரில் விரல்கள் நிற்காமல் ஓடுகின்றன. அதற்கு மேல் குரல் ஒரு அவசரமும் இல்லாமல், நீள நீளமான சுரங்களில் நடக்கிறது. அந்தக் குரலும் இரட்டைதான். ஓடுகிற கையும் ஓடாத வாயும் ஒரே ஆளுடையது என்று நம்பவே கஷ்டமாக இருக்கும். முதல் இரண்டு ஆல்பங்களின் நெருக்கமும் பிறகு வரப்போகிற செழுமையும் சரியான அளவில் கலந்தது இங்கேதான். அவருடைய ஆல்பங்களில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

அந்த வருடமே இயக்குநர் கஸ் வான் சான்ட் தன் 'குட் வில் ஹன்டிங்' படத்தில் எலியட்டின் பாடல்களைப் பயன்படுத்தினார். 'மிஸ் மிசரி' ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 1998 மார்ச் 23 அன்று வெள்ளை சூட் போட்டுக்கொண்டு, கிட்டாரோடு அந்தப் பெரிய மேடையில் தனியாக நின்று சுருக்கமாகப் பாடினார். விருது 'டைட்டானிக்' பாட்டுக்குப் போனது. இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள், நான் இதோடு விடுகிறேன்.

ட்ரீம்வொர்க்ஸ் கம்பெனிக்கு மாறியபின் 1998 ஆகஸ்டில் வந்தது 'எக்ஸ்ஓ'. லாஸ் ஏஞ்சல்ஸின் பெரிய ஸ்டுடியோக்கள், வேண்டிய அளவு டிராக்குகள், பியானோ, தந்தி வாத்தியங்கள். பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். முதல் பாடல் 'ஸ்வீட் அடலைன்' அவர்களுக்கான பதில் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு கிட்டார், ஒரு குரல் என்று பழைய எலியட்டாகவே ஆரம்பிக்கிறது. பாதி வரை அப்படியே போகிறது. திடீரென்று டிரம்ஸும் பியானோவும் அடுக்கடுக்கான குரல்களும் மடை திறந்த மாதிரி வந்து நிரப்புகின்றன. இத்தனை நாள் இடம் இல்லாததால் வெளியே நின்றிருந்த ஒலிகளெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன. அதையும் முதல் பாடலிலேயே செய்துகாட்டிவிட்டார்.

கடைசிப் பாடலுக்கு வாருங்கள். 'ஐ டிடன்ட் அண்டர்ஸ்டாண்ட்'. வாத்தியமே கிடையாது. முழுக்க முழுக்க அவருடைய குரல்தான், கீழ்ச் சுரத்திலும் மேல் சுரத்திலும் தானே பாடித் தானே அடுக்கியது. கையில் எல்லா வாத்தியமும் இருக்கும்போது அவர் தேர்ந்தெடுத்தது தன் குரலை. நான்கு டிராக்கில் பழகிய அந்த இரட்டைக் குரல் வித்தை இங்கே ஒரு கோரஸாகவே வளர்ந்து நிற்கிறது. அடுத்த வருடம் 'அமெரிக்கன் பியூட்டி' படத்துக்காக பீட்டில்ஸின் 'பிகாஸ்' பாடலையும் இதே மாதிரி குரல்களை அடுக்கிப் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்து கேளுங்கள்.

2000இல் வந்த 'ஃபிகர் 8' அவர் உயிரோடிருந்தபோது வெளியான கடைசி ஆல்பம். 16 பாடல்கள், ஒரு பகுதி அபி ரோடிலேயே பதிவானது. பீட்டில்ஸ் ரசிகருக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் நான் ரொம்ப நேசிக்கிறவரிடமும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும்: இது நீளம். மூன்று நான்கு பாடல்களைக் கழித்திருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்கும். இடம் தாராளமாகக் கிடைத்தபோது சிக்கனம் கொஞ்சம் தளர்ந்தது. அட்டைப்படத்தில் சுழல் கோடுகள் வரைந்த ஒரு சுவருக்கு முன்னால் அவர் நிற்பார், பார்த்திருப்பீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் சன்செட் புலிவார்டில் இருக்கும் சுவர் அது. அவர் மறைந்தபின் ரசிகர்கள் வந்து எழுதிவிட்டுப் போகும் இடமாகிவிட்டது.

அதன்பிறகு அவர் இரட்டை ஆல்பம் ஒன்றுக்காக வேலை செய்துகொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் வேன் நைஸ் பகுதியில் நியூ மங்க்கி என்று சொந்த ஸ்டுடியோவும் அமைத்துக்கொண்டார். முடிக்கவில்லை. குடும்பத்தார் டேப்களை ராப் ஷ்னாஃபிடமும் எலியட்டின் முன்னாள் தோழி ஜோயானா போல்மிடமும் கொடுத்தார்கள். 2004 அக்டோபரில் 15 பாடல்களோடு 'ஃப்ரம் எ பேஸ்மென்ட் ஆன் த ஹில்' வந்தது. கரடுமுரடான கிட்டார் இரைச்சலும், பக்கத்திலேயே பழைய நிலவறை நாள்களைப் போன்ற தனிக் கிட்டார் பாடல்களும் இருக்கின்றன. வரிசையும் மிக்ஸும் அவர் கையால் முடிவானவை அல்ல, அதனால் இதை அவருடைய கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இதில் ஓய்ந்துபோன ஆள் யாரும் இல்லை. புதுப்புது ஒலிகளைத் தேடி அலைகிற ஒருவர்தான் கேட்கிறார்.

2007இல் வந்த 'நியூ மூன்' என் செல்லம். இரண்டு டிஸ்க், 24 பாடல்கள், பெரும்பாலும் 'ஐதர்/ஆர்' காலத்தில் பதிந்து ஒதுக்கி வைத்தவை. 'ஐதர்/ஆர்' என்ற தலைப்பிலேயே ஒரு பாடல் இருக்கிறது, அந்த ஆல்பத்தில் சேராமல் வெளியே நின்றது. 'மிஸ் மிசரி'யின் முந்தைய வடிவமும் இருக்கிறது, அதில் வரிகள் வேறு. வேறொருவராக இருந்தால் இந்த 24 பாடல்களை வைத்தே பெயர் வாங்கியிருப்பார். இவர் ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்.

அப்படியானால் எந்த வரிசையில் கேட்பது? 'ஐதர்/ஆர்' முதலில், பிறகு 'எக்ஸ்ஓ', அப்புறம் திரும்பி வந்து 'ரோமன் கேண்டில்'. ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போனில் கேளுங்கள். ஹீட்மைசரின் கடைசி ஆல்பம் 'மைக் சிட்டி சன்ஸ்' பற்றி அடுத்த வீடியோவில் பேசுகிறேன். கம்பெனி கொடுத்த முன்பணத்தில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, கருவிகள் வாங்கி, அதையே ஸ்டுடியோவாக்கிப் பதிந்தார்கள். 'ஐதர்/ஆர்' பாடல்களில் சிலவும் அந்த வீட்டில் பிறந்தவைதான்.