விளிம்பில் எழுதிய வரலாறு

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிறித்தவ சபையொன்று நடத்தும் ஒரு சிறிய கலைக் கல்லூரியின் நூலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அத்தகைய கல்லூரிகளின் பழைய ஆவணங்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

கல்லூரி வரலாறு என்றதும் முதல்வர்களின் படவரிசையும் அடிக்கல்லும்தான் நம் கண்முன் வருகின்றன. அவை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். நம் ஊர் அமெரிக்கன் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். 1834-இல் மதுரையில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் 1881-இல் பசுமலையில் அந்தக் கல்லூரியை நிறுவியது. வாஷ்பர்ன் அதன் முதல் முதல்வர். பின்னர் அது வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்துக்கு இடம்பெயர்ந்தது. பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததால், மிஷனரிகள் பாஸ்டனில் இருந்த தங்கள் தலைமையகத்துக்கு விடாமல் கடிதம் எழுதினார்கள். அந்த மிஷன் சங்கத்தின் தாள்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக உள்ளன. நடத்தியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அங்கே படித்துவிடலாம். ஆனால், இத்தகைய கல்லூரிகளுக்குத் திருமங்கலத்திலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வந்து சேர்ந்த மாணவனின் தந்தை என்ன தொழில் செய்தார், எந்த மாதம் அவனுக்கு விடுதிக் கட்டணம் பாக்கி நின்றது என்பதையெல்லாம் யாரும் கடல் கடந்து அனுப்பவில்லை. அவை சேர்க்கைப் பதிவேட்டிலும் மெஸ் கணக்கு நோட்டிலும் மட்டுமே இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டாவது பிரதி கிடையாது.

அப்படிப்பட்ட பதிவேடு ஒன்றைக் கெடுத்தவன் நானே என்பதையும் சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், கிழிந்திருந்த பக்கங்களை மிகுந்த அக்கறையோடு செலோடேப் போட்டு ஒட்டினேன். சில ஆண்டுகளில் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்க, அதன் கீழிருந்த பெயர்கள் படிக்க முடியாதபடி ஆயின. அத்தோடு விடாமல் பைண்டிங்கும் போடக் கொடுத்தேன். பைண்டர் தம் தொழில் வழக்கப்படி மூன்று பக்கமும் விளிம்பை வெட்டிச் சீராக்கிக் கொடுத்தார். மாணவன் ஏன் பாதியில் டி.சி. வாங்கிப் போனான் என்பதை அந்தக் கால எழுத்தர் பென்சிலால் குறித்து வைத்திருந்தது அந்த விளிம்பில்தான்.

ஆகவே, இத்தகைய தாள்களைப் பழுது பார்ப்பதைவிட மேலும் கெடாமல் வைப்பதே முதல் வேலை. துருப்பிடித்த குண்டூசிகளையும் ரப்பர் பேண்டுகளையும் எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டலாம். பாலித்தீன் பையில் இறுக மூடினால் ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கரையான் சுவர் வழியாக ஏறுவதால் அலமாரி சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. ஸ்கேன் செய்வது நல்லதுதான். அதை முடித்தபின் மூலத்தை எடைக்குப் போட்டுவிடுவதுதான் கொடுமை.

தாளில் ஏறாத செய்திகளும் நிறைய உண்டு. விடுதியில் சமைத்தவர்களும் மணியடித்த ஊழியர்களும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். பொன்விழா மலருக்கு அவர்களிடம் யாரும் கட்டுரை கேட்பதில்லை; நாம்தான் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும் பழைய மாணவர்கள் வீட்டில் கல்லூரிக் குழுப்படமோ விடுதி ரசீதோ இருந்தால், படத்தில் நிற்பவர்களின் பெயர்களை ஒரு தனித்தாளில் எழுதிச் சேர்த்து, உங்கள் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். பாதுகாப்பதாக எண்ணி லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், இருக்கிறபடியே கொண்டுவாருங்கள்.