ஆறப் பொறுப்போம், அரங்கை இழக்க மாட்டோம்

(5-10-2025 ஞாயிற்றுக்கிழமை மாலை, நகர நூலக அரங்கில் நடந்த ஜேம்ஸ் பாண்ட் பட ரசிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டம் ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தும் ஐந்து மணிக்கே வந்து அமர்ந்துவிட்ட அவைத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளையும் நமக்காக ஒதுக்கித் தந்திருக்கிற நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே! நோயாளிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கிற மருத்துவர் ஐயா அவர்களே! வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் திறந்துவிட்டு, நாற்காலிகளையும் தானே இழுத்துப் போட்ட நூலகர் தம்பி அவர்களே! ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்த சகோதரர்களே! எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்த் திரையரங்குகளில் புரொஜெக்டர் அறையின் வெக்கையிலேயே தன் வயதைக் கழித்த ஆபரேட்டர் அண்ணன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு வாருங்கள் என்றால் மறுக்கிறார். அண்ணே, இந்த ஊருக்குக் கடலையும் பனிமலையையும் முதலில் காட்டியவர் நீங்கள். உங்களுக்குத்தான் முதல் பொன்னாடை. தலைமையாசிரியர் ஐயா தன் தோளில் இருப்பதை எடுத்து அவருக்குப் போர்த்தும்படி கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்) நன்றி ஐயா, பெரிய மனம் உங்களுக்கு.

இன்று அக்டோபர் 5. 1962-ஆம் ஆண்டு இதே தேதியில் லண்டனில், பிக்காடிலி சர்க்கஸ் அருகே இருந்த லண்டன் பெவிலியன் அரங்கில், உளவாளி ஜேம்ஸ் பாண்டின் முதல் திரைப்படமான ‘டாக்டர் நோ’ முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பீட்டில்ஸ் இளைஞர்களின் ‘லவ் மீ டூ’ இசைத்தட்டு கடைக்கு வந்ததும் அதே நாளில்தான். அந்த நாளைத்தான் உலகெங்கும் உள்ள ரசிகர்கள் ஜேம்ஸ் பாண்ட் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 63 ஆண்டுகளில் தயாரிப்பு நிறுவனமான ஈயான் எடுத்தவை 25 படங்கள், பாண்டாக நடித்தவர்கள் ஆறு பேர். கடைசிப் படமான ‘நோ டைம் டு டை’ 2021 செப்டம்பரில் வந்தது. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளாகப் படம் இல்லை.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். படம் ஏன் தாமதமாகிறது என்பது ஒன்று. அடுத்த பாண்ட் யார் என்பது இரண்டு. அந்தப் படத்தைப் பார்க்க நம் ஊரில் அரங்கு மிஞ்ச வேண்டும் என்பது மூன்று.

உள்ளே வரும்போது கல்லூரித் தம்பி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, நாலு வருஷம் ஆச்சு. ஹீரோ யாருன்னுகூட இன்னும் சொல்லலையே” என்று ஆதங்கப்பட்டார். தம்பி, நம் வீடுகளில் பாட்டிமார் சொல்வார்கள்: ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டானா? இன்று மாலை முழுவதும் உங்களுக்கு நான் சொல்லப்போகும் பதில் அதுதான்.

முதல் நான்கு படங்கள் வருடத்துக்கு ஒன்றாக வந்தன. 62, 63, 64, 65. நமக்கு ஆசை காட்டியதே அந்த வேகம்தான். பிறகு தடங்கல்கள் வரத் தொடங்கின. 1975-இல் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹாரி சால்ட்ஸ்மேன் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார். 74-க்குப் பிறகு 77-இல்தான் அடுத்த படம். 1989-இல் ‘லைசன்ஸ் டு கில்’ வந்ததும், பாண்ட் படங்களில் பங்குள்ள ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம். கைமாறிய விவகாரம் வழக்காகி, ஆறு ஆண்டுகளை விழுங்கியது. 2010-இல் அதே எம்.ஜி.எம். கடனில் மூழ்கி நீதிமன்றப் படி ஏறியது. ‘ஸ்கைஃபால்’ 2012-க்குத் தள்ளிப்போனது. தள்ளிப்போன அந்தப் படம்தான் உலக வசூலில் நூறு கோடி டாலரைத் தாண்டிய முதல் பாண்ட் படம். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுத்தார்கள், பலன் கிடைத்தது.

இனி ஒரு கதை சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், கேளுங்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த கதை இது.

1964. அயர்லாந்திலிருந்து பதினோரு வயதுப் பையன் ஒருவன் லண்டனுக்கு வந்து சேர்கிறான். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டார். தாய் லண்டனில் நர்ஸ் வேலை. பையன் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவன். பெரிய ஊரில் அவனைச் சினிமாவுக்கு அழைத்துப் போகிறார்கள். படம் ‘கோல்ட்ஃபிங்கர்’. அந்த இருட்டில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்த பையன்தான் பியர்ஸ் பிராஸ்னன்.

வளர்ந்து நடிகராகிறார். கசாண்ட்ரா ஹாரிஸ் என்ற நடிகையை மணக்கிறார். அந்த அம்மையார் 1981-இல் வந்த ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ படத்தில் நடித்தவர். அவர் மூலமாகத்தான் தயாரிப்பாளர் ஆல்பர்ட் பிராக்கோலிக்குப் பிராஸ்னன் அறிமுகமாகிறார். வாய்ப்பு வாசல்படி வரை வந்துவிட்டது. இதற்கிடையில் அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘ரெமிங்டன் ஸ்டீல்’ என்ற துப்பறியும் தொடரில் நடித்து வீடுதோறும் தெரிந்த முகமாகிறார்.

1985-இல் ரோஜர் மூர் 57 வயதில் தன் ஏழாவது பாண்ட் படத்தை முடித்துக்கொண்டு விடைபெறுகிறார். 1986-இல் அந்தத் தொலைக்காட்சித் தொடரும் நிறுத்தப்படுகிறது. இவரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. பாண்ட் வேடம் கையில்! ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு சிறு வரி இருந்தது. தொடரை நிறுத்திய பிறகும் 60 நாட்களுக்குள் நிறுவனம் நினைத்தால் மீண்டும் தொடங்கலாம், நடிகர் வந்தே தீர வேண்டும். பாண்டாகப் போகிறவர் என்ற செய்தி பரவியதும் அந்தத் தொடருக்கு மவுசு கூடிவிட்டது. கெடு முடியப்போகிற தறுவாயில் நிறுவனம் சொன்னது: தொடரை மீண்டும் எடுக்கிறோம், வா!

பிராக்கோலி என்ன செய்தார்? தொலைக்காட்சித் தொடரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் என் படத்தில் பாண்டாக முடியாது என்று கதவைச் சாத்திவிட்டார். வாய்ப்பு டிமோதி டால்டனுக்குப் போனது. அந்தத் தொடரோ, மீண்டும் தொடங்கி ஒரு சில மணி நேரம் மட்டும் ஓடி முடிந்துபோனது. எண்ணிப் பாருங்கள், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

பிராஸ்னன் யாரையும் சபிக்கவில்லை. கிடைத்த படங்களில் நடித்தார். 1991 டிசம்பரில் கசாண்ட்ரா அம்மையார் சினைப்பைப் புற்றுநோயால் இறந்துபோனார். அவருக்கு வயது 43. கணவன் பாண்ட் ஆவதை அவர் பார்க்கவில்லை. 1994 ஏப்ரலில் டால்டன் விலகினார். ஜூன் மாதம் லண்டனில் புதிய பாண்ட் என்று பிராஸ்னனை உலகத்தின் முன் நிறுத்தினார்கள். முதல்முறை கைநழுவி எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1995 நவம்பரில் ‘கோல்டன் ஐ’ வந்தது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுத்தான், தம்பி! (கைதட்டல்)

அந்தப் படத்தின் முதல் காட்சி இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அணைக்கட்டின் விளிம்பில் ஒருவர் ஓடிவந்து குதிக்கிறார். சுவிட்சர்லாந்தின் வெர்சாஸ்கா அணை அது, 220 மீட்டர் உயரம். வெய்ன் மைக்கேல்ஸ் என்ற சண்டைக் கலைஞர் உண்மையாகவே குதித்தார். நம் ஊர் அரங்கில் அதைப் பார்த்தபோது பால்கனி முதல் தரை டிக்கெட் வரை மூச்சுச் சத்தம் இல்லை. கைக்குழந்தைகூட அழவில்லை. கயிறு இழுத்து நிறுத்தியதும் எழுந்த விசில் சத்தம் தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். அதைக் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். ஒரு பொம்மை விழுகிறது, அவ்வளவுதான். திரை பெரிதாக இருந்தால்தான் அணை உயரமாக இருக்கும்.

டிக்கெட் வாங்கிய விதத்தையும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓராள் மட்டும் நுழையக்கூடிய சந்து. மேலே கம்பிவலை. வருடக்கணக்காகச் சட்டை உரசி உரசிச் சுவர் இடுப்பு மட்டத்துக்கு வழவழவென்று இருக்கும். கோடி முனையில் கை மட்டும் நுழைகிற ஓட்டை. மடித்துப் பிடித்த நோட்டை உள்ளே நீட்டினால் மெல்லிய ரோஸ் தாள் ஒன்று திரும்பி வரும். முன்னால் நிற்பவரின் வியர்வை நம் மேல், நம் வியர்வை பின்னால் நிற்பவர் மேல். அங்கேதான் யார் நல்ல பாண்ட் என்ற சண்டை நடக்கும், அங்கேதான் சிநேகிதம் உண்டாகும். இந்தக் கூட்டத்தில் இருக்கும் என் நண்பர்களில் பாதிப் பேரை நான் அந்தச் சந்தில்தான் சம்பாதித்தேன்.

இப்போதைய நிலவரத்துக்கு வருகிறேன். எம்.ஜி.எம்.மை 2022-இல் அமேசான் 845 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. இந்த ஆண்டு பிப்ரவரியில் அதுவரை பாண்ட் படங்களைத் தயாரித்துவந்த பார்பரா பிராக்கோலி அம்மையாரும் மைக்கேல் வில்சன் அவர்களும் படைப்பு முடிவுகளை எடுக்கும் பொறுப்பை அமேசானிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த படத்தை எமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும் தயாரிக்கிறார்கள். ஜூன் மாதம் இயக்குநர் பெயர் வந்தது: கனடாவின் தெனி வில்நெவ். ஜூலைக் கடைசியில் எழுத்தாளர் பெயர் வந்தது: ஸ்டீவன் நைட். நடிகர் பெயர் இன்னும் வரவில்லை. அதற்காக நாள்தோறும் ஒரு பெயரைக் கிளப்பிவிட்டு அடித்துக்கொள்ள வேண்டாம் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2005-இல் டேனியல் கிரெய்க்கை அறிவித்தபோது, பொன்னிறத் தலைமுடிக்காரன் எப்படிப் பாண்ட் ஆவான் என்று இணையதளமே தொடங்கி எதிர்த்தார்கள். மறு ஆண்டு ‘கேசினோ ராயல்’ வந்ததும் அத்தனை வாயும் அடைத்துப்போனது.

அந்த வில்நெவ் யார் தெரியுமா? முதல் பாண்டாக நடித்த ஷான் கானரி காலத்திலிருந்து தன் தந்தையோடு உட்கார்ந்து பாண்ட் படம் பார்த்து வளர்ந்தவர் என்று அவரே அறிவித்திருக்கிறார். 2020 டிசம்பரில் அவருடைய ‘டூன்’ படத்தைத் திரையரங்கிலும் ஓடிடியிலும் ஒரே நாளில் வெளியிடப்போவதாகத் தயாரிப்பு நிறுவனம் அறிவித்தபோது, பணம் கொடுக்கிற நிறுவனம் என்று பாராமல் கண்டித்துக் கட்டுரை எழுதியவர். சினிமாவுக்குப் பெரிய திரை வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர். என் நம்பிக்கையே அவர்தான்.

ஏன் இதைச் சொல்கிறேன்? கொரோனாவை நினைத்துப் பாருங்கள். ‘நோ டைம் டு டை’ 2020 ஏப்ரலில் வர வேண்டியது. நவம்பருக்குத் தள்ளினார்கள், பிறகு 2021 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். இரண்டாவது முறை தள்ளிய மூன்றாம் நாள் சினிவேர்ல்டு என்ற பெரிய நிறுவனம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள தன் அரங்குகள் அத்தனையையும் தற்காலிகமாக மூடுவதாக அறிவித்தது. 45,000 ஊழியர்களின் வேலைக்கு ஆபத்து. அறிவித்த தேதி என்ன? அக்டோபர் 5! பாண்ட் பிறந்த அதே நாள். ஓடிடிக்கு விற்றுவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியபோதும் தயாரிப்பாளர்கள் விற்கவில்லை. அரங்கு திறக்கும் வரை படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாம் படத்துக்காகக் காத்திருந்தோம், படம் அரங்குக்காகக் காத்திருந்தது.

அப்படிக் காத்திருந்து வந்த படத்துக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியூரில் ஓர் அரங்கில் பார்த்தேன். பெயர் வேண்டாம். பாண்ட் சாகிறார், எழுத்து ஓடத் தொடங்குகிறது. கடைசியில் ‘ஜேம்ஸ் பாண்ட் மீண்டும் வருவார்’ என்ற ஒரு வரி வரும். அதற்காகத்தான் அத்தனை பேரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தோம். பாதியிலேயே விளக்கைப் போட்டுப் படத்தை நிறுத்திவிட்டார்கள். துடைப்பத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். ரசிகனுக்குக் கொடுத்த வாக்கு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதை அறுப்பது அநியாயம்.

நம் ஊருக்கு வருகிறேன். நகர்மன்றத் தலைவர் அம்மையார் இருக்கும்போதே சொல்ல வேண்டிய விஷயம். கடைவீதிக்குப் பின்னால் இருந்த அரங்கு கல்யாண மண்டபமாகிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்ததை இடித்து வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். சென்னை அண்ணா சாலையில் 1964-இல் திறந்த சபையர் வளாகமே இன்று இல்லை. ஒரே இடத்தில் சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று திரைகள் வைத்து, ஆங்கிலப் படம் பார்க்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே ஊட்டிய இடம் அது. 1983-இல் ‘ஆக்டோபஸி’யில் நம் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் உதயப்பூர்த் தெருவில் ஆட்டோவிலிருந்து டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடித்தாரே, அதற்கு அரங்கம் எப்படி அதிர்ந்திருக்கும்! நம் ஊரில் மிச்சம் இருப்பது ஒரே ஓர் அரங்கு. அதுவும் சில மாதங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. அடுத்த பாண்ட் வரும்போது, ஆறிய சோற்றைப் போட்டுச் சாப்பிட இலை இருக்க வேண்டாமா? ஆக்கப் பொறுத்து, ஆறப் பொறுத்து, பந்தி போட இடமில்லை என்றால் அத்தனை பொறுமைக்கும் என்ன பொருள்?

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் நான் முன்வைக்கும் கோரிக்கைகளைக் கேளுங்கள். அந்த அரங்கின் உரிமையாளர் உரிமத்தைப் புதுப்பிக்க முன்வந்தால், நகராட்சி தன் பங்குக்குத் தர வேண்டிய சான்றுகளை இழுத்தடிக்காமல் தர வேண்டும். அந்த இடம் வேறு எதற்காவது மாறப்போகிறது என்றால் அதற்கு முன் ஊர் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்குப் போகின்றன, எட்டு வாரமாவது வேண்டும் என்று திரையரங்க உரிமையாளர்கள் கேட்டுவருகிறார்கள். அந்தக் கோரிக்கைக்கு ரசிகர்களாகிய நாமும் துணை நிற்க வேண்டும். எந்தப் படமானாலும் கடைசி எழுத்து முடியும் வரை விளக்கைப் போடக் கூடாது.

வாசலில் மேசை போட்டு மனுவை வைத்திருக்கிறோம். பேனாவும் இருக்கிறது. முதல் கையெழுத்தை மருத்துவர் ஐயா போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அடுத்து ஆபரேட்டர் அண்ணன் போட வேண்டும் என்பது என் விருப்பம். பெயரும் தெருவும் தெளிவாக எழுதுங்கள். நாளை காலை பத்தரை மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் மனுவைக் கொடுக்கிறோம். அம்மையார் பெற்றுக்கொள்வதாகத் தலையசைக்கிறார். நன்றி அம்மா. வரக்கூடியவர்கள் எல்லாரும் பத்து மணிக்கே நூலக வாசலுக்கு வந்துவிடுங்கள், சேர்ந்து போகலாம். வணக்கம்.