ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(சேலத்தில் ஆடித் திருவிழா மேடையொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, ஆறு மணிக் கூட்டம் ஏழேகாலுக்குத் தொடங்கியும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து, நான் இப்படி மேடையேறுவதற்குப் பாதிப் பழியை ஏற்க வேண்டிய ஆசிரியர் ஐயா அவர்களே, பந்தல் போட்ட தம்பிகளே, மைக் செட் அண்ணன் அவர்களே, மாவிளக்குத் தட்டோடு பின்னால் நிற்கும் தாய்மார்களே, வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் ஒருவரை விட்டுவிட்டேன். தைப்பொங்கல் வரை அவர் என்னோடு பேசவில்லை.

‘கோயிலுக்கு இவ்வளவு செலவு தேவையா?’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. வரலாறு, சட்டம், ஆகமம் என்று மூன்று பக்கமிருந்தும் பார்க்கப் போகிறேன்.

இந்தக் கேள்வி சேலத்துக்குப் புதிதல்ல. 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்த ஊர் மாநாட்டில்தான். அதே ஊரில்தான் எட்டுப்பேட்டை மாரியம்மன்களுக்கும் ஆடியில் பண்டிகை நடக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முருகனுக்கு 2022இல் குடமுழுக்கு நடந்தது. மலேசியாவின் பத்துமலை முருகனைவிட ஆறடி உயரம். அந்த ஆறடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆறடியில்தான் நம் மாவட்டத்தின் மானமே நிற்கிறது என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டு பேரோடும் சண்டை இல்லை. கோயில் செலவில் சிற்பி, கொத்தனார், பூக்கட்டும் அக்கா, செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் என்று எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது! குகைப் பகுதி மாரியம்மன் பண்டிகையின் வண்டி வேடிக்கையை, அதாவது சாமி வேடம் போட்டு வரும் அலங்கார வண்டி ஊர்வலத்தை, நிறுத்தச் சொன்னால் முதல் ஆளாகச் சண்டைக்கு வருபவன் நான்.

ஆனால் என் அம்மா ஒன்று சொல்லுவார்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. பிச்சைக்கு வருபவருக்குப் போடும் அரிசியைக்கூட ஆழாக்கில் அளந்துதான் போடுவார். கஞ்சத்தனம் இல்லை, கடைசியாக வருபவருக்கும் பானையில் இருக்க வேண்டும் என்ற கணக்கு.

முதலில் வரலாறு. காஞ்சிபுரத்துப் பக்கம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து ஒரு ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை; 15 படுக்கை. வைத்தியர், அறுவை செய்பவர், மருந்துகளின் பட்டியல் எல்லாவற்றையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம் என்ற ஊரின் கோயிலில் 340 மாணவர்களுக்குச் சோறு போட்டுப் படிப்பு. அளந்து போட்டவர்கள் அவர்கள். அது மட்டுமா? முக்கூடல் என்றால் பாலாறு, செய்யாறு, வேகவதி என மூன்று ஆறுகள் கூடும் இடம். ஆற்றங்கரையில் கோயில், கோயிலுக்குள் ஆஸ்பத்திரி. ஆறு என்றதும் எனக்கு நம் ஆற்றின் ஞாபகம் வந்துவிடுகிறது. தலைவர் சிரிக்கிறார், இவன் எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பான் என்று அவருக்குத் தெரியும்.

நான் பொருளாளராக இருந்த ஒரு கோயிலின் கதையைச் சொல்கிறேன். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள், இங்கேயே நாலு பேருக்குத் தெரியும். அந்த வருடம் தலைக்கட்டு வரி நன்றாக வசூலானது. முகப்புக் கோபுரத்துக்கு ஆறு லட்சம், சீரியல் லைட்டுக்கு எண்பதாயிரம், வாணவேடிக்கைக்குத் தனி. சக்தி அழைக்க விடியற்காலை மேளதாளத்தோடு ஆற்றுக்குப் போனோம். கரைக்கு ஐம்பதடி இருக்கும்போதே நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். அவர் மூச்சை இழுத்தால்தானே ஊத முடியும்! பம்பைக்காரர் மட்டும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு அடித்தார். தண்ணீர் கறுப்பு, மேலே ஊதா நிறத்தில் நுரை. பூசாரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஆத்தாளை இதுல அழைக்க மாட்டேன்” என்றார். “ஆத்துல எடுக்கறதுதானே முறை?” என்றோம். “முறைதான், நீ குளிச்சுட்டு வா பாக்கலாம்” என்றார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ஒரு தம்பி பைக்கில் போய் இருபது லிட்டர் கேன் இரண்டு வாங்கி வந்தான். அந்தக் கரையிலேயே கேனைக் கவிழ்த்துக் குடத்தை நிரப்பி, வேப்பிலை சொருகி, குலவையிட்டுத் திரும்பினோம்.

அப்புறம் கணக்கு வாசிக்கும் கூட்டம். நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்ததை வாசித்தேன்: “ஆற்று நீர், 2 கேன், 70 ரூபாய்.” கூட்டம் சிரித்து அடங்கியதும், பூக்கட்டும் பாட்டி ஒருவர் தூணோரம் எழுந்தார். “ஏஞ்சாமி, ஆத்தாளுக்கு ஆறு லட்சத்துல கோபுரம். ஆத்தா மூஞ்சி கழுவ கேன் தண்ணியா?”

அடுத்த வருடம் நான் பொருளாளர் பதவிக்கு நிற்கவில்லை.

திருமணிமுத்தாறு, ஐயா. சேர்வராயன் மலையில் பிறக்கிறது. கோட்டை மாரியம்மனும் சுகவனேசுவரரும் அதன் கரைத் தெய்வங்கள். நாமக்கல் மாவட்டம் கடந்து நன்செய் இடையாறு பக்கம் காவிரியில் சேர்கிறது. வழியில் நாம் அதற்குக் கொடுப்பது சாக்கடையும் சாயக் கழிவும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். நாம் அளக்காமல் போடுவது இதை மட்டும்தான். முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியை ஊர்க்காரர்கள் முன்னின்று சீர்படுத்தி, ஏரிக்குள் மண் திட்டுகள் போட்டு மரம் நட்டார்கள். இன்று அங்கே பறவைகள் இருக்கின்றன.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம், கோயில்களில் செலவு போக மிஞ்சும் நிதியை எந்தெந்தப் பணிக்குத் தரலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியல் ஆற்றங்கரைக் கோயில்களின் ஆற்றுக்கும் நீள வேண்டும் என்பது என் மனு. பந்தல் வாசலில் மேசை போட்டிருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

தலைவர் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். சரி, ஆகமம் இன்னொரு நாளைக்கு. எனக்குப் போர்த்திய நாலு பொன்னாடையையும் மைக் செட் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன், அடுத்த கூட்டத்துக்கு ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கரையில் வேலை தொடங்குகிறோம். மண்வெட்டி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், என் வீட்டில் மூன்று இருக்கிறது. ஒன்றுக்குக் காம்பு மட்டும் ஆடும்.