பழைய பத்தடி பிளெக்ஸ் மெஷினை வாங்கலாமா?

இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுக்கப் போகிறாராம்.

தென்காசிப் பக்கம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. கையில் ஸ்டிக்கரை எழுத்து வடிவில் வெட்டும் இரண்டடி கட்டிங் பிளாட்டர் இருக்கிறது. பைக் ஸ்டிக்கர், ரேடியம், கடைக் கண்ணாடி எழுத்து, சிறிய பெயர்ப்பலகை எல்லாம் செய்கிறார். அச்சு வேலையை மட்டும் திருநெல்வேலிக்கு அனுப்பி வாங்குகிறார். இப்போது ஒருவர் பழைய பத்தடி பிளெக்ஸ் மெஷினைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறாராம். "அதை எடுத்துவிடவா, கடன் வாங்கிப் புதிய ஐந்தடி ஈகோ சால்வென்ட் போடவா?" என்று கேட்கிறார். பத்தடி, ஐந்தடி என்பது அச்சடிக்கும் அகலம். ஈகோ சால்வென்ட் என்பது ஸ்டிக்கருக்கும் பலகைக்கும் நுணுக்கமாக அச்சடிக்கும், வாடை குறைந்த மை போடும் மெஷின்.

தம்பி, முன்பணம் கொடுக்காதீர்கள்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். தை மாதத்தைப் பார்த்து மெஷின் வாங்காதீர்கள், மார்கழியைப் பார்த்து வாங்குங்கள். தையில் கல்யாணம், கடை திறப்பு, பொங்கல் விளையாட்டு விழா என்று எந்த மெஷினுக்கும் வேலை கிடைக்கும். மார்கழியில்தான் அது சும்மா நிற்கும். சும்மா நிற்பதுதான் அதற்கு நோய். மை வெளியேறும் நாசில் துளை தலைமுடியைவிட மெல்லியது. மையைக் கரைத்து வைத்திருக்கும் திரவமான சால்வென்ட் ஆவியாகிவிட்டால் மீதியுள்ள பிசினும் நிறமும் அங்கேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதை எடுக்கக் கிளீனிங் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நல்ல மை கழிவுக் கேனுக்குப் போகிறது. கடைசியில் நாசில்கள் இருக்கும் ஹெட்டையே மாற்ற வேண்டி வந்தால், மலிவாக வாங்கியதில் மிஞ்சிய பணம் அதோடு போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கோயில் கொடை சீசனில் இப்படித்தான் ஒரு மெஷினை எடுத்தார். கொடை முடியும்வரை இரவு பகலாக ஓடியது. பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு பேனர்தான். ஐப்பசி மழை வருவதற்குள் சிவப்பிலும் கறுப்பிலும் கோடு விழத் தொடங்கிவிட்டது. நல்ல உழைப்பாளி அவர். அவர் ஊர் வேலைக்கு அந்த மெஷின் பெரிது, அவ்வளவுதான். மார்கழியைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பேனரை மட்டும் நம்பித் தொழிலை நடத்துவதும் எனக்குப் பிடிக்கவில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் இறந்தார். சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது, கட்சிகளே பேனர் வைக்க வேண்டாம் என்று தொண்டர்களிடம் சொல்லின. பிளெக்ஸ் கடைகள் பலவற்றில் வேலை சட்டென்று குறைந்தது. பேனரை நிறுத்தச் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் மாதத் தவணை அதற்காக நிற்காது.

பிறகு மெஷின் எடுப்பதாக இருந்தால் ஈகோ சால்வென்ட் உங்களுக்குப் பொருந்தும். பலகைக்குப் போடும் சன்போர்டும் (நுரை போன்ற பிளாஸ்டிக் அட்டை) ஏசிபி ஷீட்டும் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) எட்டுக்கு நாலு அடியில் வருகின்றன. ஐந்தடி ரோலில் அச்சடித்தால் நாலடி அகலத்தை ஒட்டுப் போடாமல் மூடிவிடலாம். அச்சடித்ததும் லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் ஆற விடுங்கள், உள்ளே சிக்கிய சால்வென்ட் பசையைக் கெடுத்துவிடும். எங்கே வெட்ட வேண்டும் என்று அச்சோடு போடும் குறிகளைப் படிக்கும் சென்சார் உங்கள் பிளாட்டரில் இருந்தால், அச்சடித்து வெட்டவும் செய்யும் மெஷினுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். லேடெக்ஸ், யுவி என்று வேறு மை போடும் மெஷின்கள் எல்லாம் நல்லவைதான், இந்த அளவுக் கடைக்கு இப்போது வேண்டாம். எது வாங்கினாலும் முதலில் எர்த் போடுங்கள்.

ஆனால் தம்பி, எந்தப் பலகைக்கு அச்சே தேவையில்லை என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதைத்தான் நான் பேச ஆசைப்படுகிறேன். வெயிலில் வெளுத்த கடைப் பலகைகளைப் பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் முதலில் போய், நீலமும் கறுப்பும் மிஞ்சி நிற்கும். அச்சில் மை மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. வண்ண வைனில் (பிளாஸ்டிக் ஸ்டிக்கர்) ரோலில் நிறம் படலம் முழுவதும் கலந்திருக்கிறது. அதை வெட்டி ஒட்டிய எழுத்து அச்சடித்ததைவிட நெடுநாள் நிற்கும். பெயரை வெட்டுங்கள், படம் இருந்தால் அதை மட்டும் அச்சடியுங்கள். உங்களிடம் இருக்கும் பிளாட்டரே பாதி வேலையைச் செய்துவிடும்!

எழுத்தின் உயரத்தையும் பாருங்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. நாற்பதடிச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க நாலு அங்குலம் வேண்டும். தமிழுக்கு நான் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். ணை, ஞ போன்ற எழுத்துகளின் உள்சுழி அடைத்துப்போனால் தூரத்தில் கறுப்புப் பொட்டாகத் தெரியும். கடைக்காரர் பணம் கொடுப்பது சாலையில் போகிறவர் படிப்பதற்குத்தானே?

இப்போதைக்குத் திருநெல்வேலிக்கே அனுப்புங்கள். ஒரு நோட்டுப் போட்டு, அனுப்பும் ஒவ்வொரு வேலையும் எத்தனை சதுர அடி, பேனரா, ஸ்டிக்கரா, பலகையா என்று தேதியோடு எழுதுங்கள். மார்கழி முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த மெஷின் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.