கிருமியின் மரபணுவில் ஊர்ப்பெயர் உண்டா?

வணக்கம். சென்ற உரையைக் கேட்ட நேயர் ஒருவர், "ஒரு நோய்க்கிருமியின் மரபணுவை மட்டும் படித்துவிட்டு, அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியுமா?" எனக் கேட்டிருக்கிறார். இரண்டு நாட்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதிலுள்ள ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

மரபணு உறவைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. காலராக் கிருமியின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துகள், அதாவது A, T, G, C எனக் குறிக்கப்படும் வேதிக் கூறுகள், உள்ளன. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் காலரா வகையில், ஆண்டுக்குச் சுமார் மூன்று எழுத்துகளே மாறி நிலைபெறுகின்றன. ஆகவே இரண்டு மாதிரிகள் ஓரிரு எழுத்துகளில் மட்டும் வேறுபட்டால், அவை அண்மையில் பிரிந்த கிளைகள் என்று கொள்ளலாம். எந்த ஊரில் பிரிந்தன என்பதையோ, நம் கையிலுள்ள மற்ற மாதிரிகள் எங்கெங்கே எடுக்கப்பட்டவை என்பதைக் கொண்டுதான் ஊகிக்கிறோம்.

கரீபியன் தீவு நாடான ஹைட்டியில் நடந்ததைப் பாருங்கள். 2010 ஜனவரியில் நிலநடுக்கம். அக்டோபரில் ஆர்த்திபோனித் ஆற்றோரம் காலரா. 2011 தொடக்கத்தில் வெளிவந்த ஒப்பீடு ஒன்றில், ஹைட்டிக் கிருமி 1991-இல் தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் எடுத்த மாதிரியை விட்டு விலகி, வங்கதேச மாதிரிகளோடு நெருங்கி நின்றது. அந்த ஒப்பீட்டில் நேபாள மாதிரி எதுவும் இல்லை. அதே ஆண்டில் பின்னர், நேபாளத்தில் எடுத்த 24 மாதிரிகளையும் சேர்த்து ஒப்பிட்டபோது, அவற்றுள் மூன்று ஹைட்டி மாதிரிகளிலிருந்து ஒன்றிரண்டு எழுத்துகளே வேறுபட்டன. கிருமி மாறவில்லை, ஒப்பிடும் தொகுப்புதான் வளர்ந்தது. அப்போதும் மரபணு உறவைத்தான் சொன்னது. நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படையினரின் முகாம் அந்த ஆற்றின் துணையாற்றங்கரையில் இருந்தது என்பதையும், நோய் அங்கிருந்து நீரோட்டத்தின் வழியே கீழ்நோக்கிப் பரவியது என்பதையும் காட்டியவை களத்தில் நடந்து திரிந்து எடுத்த குறிப்புகளே.

எனவே ஆய்வாளர்களிடம் நான் முதலில் கேட்க விரும்பும் கேள்வி வேறு: ஒப்பிட்ட ஒவ்வொரு மாதிரிக் குப்பியின் சீட்டிலும் என்ன எழுதியிருந்தது, அதை எழுதியவர் யார்? எடுத்த இடம், நாள், யாரிடமிருந்து எடுத்தது ஆகிய இம்மூன்றும் இல்லாத குப்பியை உறைபெட்டியில் எத்தனை ஆண்டுகள் காத்தாலும், ஊரைத் தேடுவதற்கு அது உதவாது.

சீட்டு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு கால்நடைகளையும் மனிதர்களையும் தாக்கும் ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமியே சான்று. 2001-இல் அமெரிக்காவில் அஞ்சல் உறைகளில் வந்து ஐவரைக் கொன்ற கிருமி ‘ஏம்ஸ்’ என்னும் இனத்தைச் சேர்ந்தது என்று மரபணுச் சோதனை பிழையின்றிக் கண்டது. ஏம்ஸ் என்பது அயோவா மாநிலத்திலுள்ள ஊர். ஆகவே கிருமி அவ்வூரிலிருந்து கிடைத்தது என்றே பலரும் நம்பினார்கள். உண்மையில் அந்த இனம் 1981-இல் டெக்சாஸில் இறந்த ஒரு கிடேரியிலிருந்து எடுக்கப்பட்டது. அதை ராணுவ ஆய்வகத்துக்கு அனுப்பிய பெட்டியின் முகவரிச் சீட்டில் ஏம்ஸ் ஊரின் பெயர் அச்சாகியிருந்ததால், பெற்றவர்கள் அதையே கிருமிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். பிழை தெரிந்த பின்னும், ஆய்வுக் கட்டுரைகளில் இன்றுவரை அதன் பெயர் ஏம்ஸ்தான்.